நேர்காணல் ஒலிப்பதிவை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா?

கேள்வி: உளவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றப்பட்ட 26 பெண்களிடம் நேர்காணல் எடுத்து வைத்திருக்கிறேன். இங்கிலாந்தில் உள்ள இளம் ஆய்வாளர் குழு ஒன்று, ஒலிப்பதிவுகளைக் கொடுத்தால் கட்டுரையில் என் பெயரைச் சேர்ப்பதாகவும் ஆறு மாதம் உதவித்தொகை தருவதாகவும் சொல்கிறது. ‘எத்திக்ஸ் கமிட்டி அனுமதிதான் இருக்கிறதே, அனுப்பு’ என்கிறார் வழிகாட்டி. ஓர் ஆலோசனை நிறுவனமோ, எல்லா அனுமதியையும் 40,000 ரூபாயில் முடித்துத் தருவதாகச் சொல்கிறது. என்ன செய்வது?
– ஆய்வு மாணவி, சென்னை

பதில்: இப்போதைக்கு அனுப்பாதீர்கள். அந்த நிறுவனத்துக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

முதலில் அந்தப் பெண்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தை எடுத்துப் படியுங்கள். ‘இந்த ஆய்வுக்கு மட்டும்’ என்று அதில் இருந்தால், பேச்சு அங்கேயே முடிந்தது. பெயரை நீக்கிவிட்டு அனுப்பலாமே என்று தோன்றும். குரலை எப்படி நீக்குவீர்கள்? எழுத்தில் பெயர்த்தாலும், எந்த பிளாக், எத்தனையாவது மாடி, கணவர் எந்த ஆண்டு இறந்தார் என்ற மூன்று தகவல் போதும். அடுத்த வீட்டுக்காரர் ஆளைச் சொல்லிவிடுவார். தூக்கம் வராததையும் குடிகாரக் கணவனையும் உங்களை நம்பித்தான் சொன்னார்கள், முகம் தெரியாத ஒரு குழுவை நம்பி அல்ல.

வழிகாட்டி சொல்வது பாதி உண்மை. ஆய்வில் பங்கேற்பவர்களின் நலனைப் பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டி அனுமதித்தது உங்கள் ஆய்வை; வெளிநாட்டுக் கூட்டாய்வை அல்ல. மாற்றத்தை எழுதி மீண்டும் அதே கமிட்டிக்குப் போக வேண்டும். அங்குள்ள பல்கலைக்கழகம் அனுமதித்துவிட்டது என்பது இங்கே செல்லாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகள் இந்தியக் கமிட்டியின் ஒப்புதலையும் கேட்கின்றன. அதற்கும் மேல், வெளிநாட்டு ஒத்துழைப்புள்ள சுகாதார ஆய்வுகளைப் பரிசீலிக்கச் சுகாதார அமைச்சகத்தின் குழு ஒன்று இருக்கிறது. அதன் செயலகமும் ஐசிஎம்ஆர்தான். நேரமாகும். சில கல்லூரிகளில் கமிட்டி கூடுவதற்கே மூன்று மாதம். கூடினால் உறுப்பினர் எண்ணிக்கை போதாது. எண்ணிக்கை சேர்ந்தால் தமிழ்ப் படிவத்தில் ஒற்று மிகவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். அந்தப் படிவத்தின் தமிழ் பெரும்பாக்கத்தில் ஒருவருக்காவது புரியுமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இந்தத் தாமதத்தில்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். கமிட்டி உறுப்பினராக இருந்த காலத்தில் என்னிடம் வந்த ஒரு மாணவர், பணம் கொடுத்து வாங்கிய அனுமதிக் கடிதத்தைப் பெருமையாகக் காட்டினார். கடிதத்தாள் பளபளவென்று இருந்தது. அனுமதி கொடுத்த கமிட்டி வேறு மாநிலத்தில். அதன் பதிவோ எப்போதோ காலாவதியாகியிருந்தது. அந்த மாணவர் களத்தில் கழித்த ஓராண்டு வீணானது. மருத்துவ, சுகாதார ஆய்வுகளைப் பார்க்கும் கமிட்டிகள் மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணையும் முடியும் தேதியையும் கேட்டு வாங்குங்கள். கொடுக்காமல் இழுத்தடிப்பவர்களிடம் போகாதீர்கள். விண்ணப்பத்தை நீங்களும் வழிகாட்டியும் கல்லூரியும் சேர்ந்தே போடலாம். தரகருக்கு அதில் வேலையே கிடையாது.

அதே ஆட்கள் அடுத்து, ‘ஸ்கோபஸ் இதழில் பெயர் நிச்சயம்’ என்று, அந்த ஆய்விதழ்ப் பட்டியலின் பெயரைச் சொல்லி, கட்டுரையாசிரியர் இடத்தையும் விலை பேசுவார்கள். 2023இல் ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகம், இப்படிப்பட்ட முறைகேடுகளால் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. திரும்பப் பெற்ற கட்டுரையில் உள்ள பெயர் இணையத்தில் அப்படியே கிடக்கும். நேர்முகத் தேர்வில் யாராவது தேடிப் பார்ப்பார்கள்.

உதவித்தொகையைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். இங்கே எல்லாரும் குழம்புகிறார்கள். வெளிநாட்டுப் பணம் என்றாலே 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் பாயும் என்று கல்லூரி அலுவலகம் பயமுறுத்தும். அந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவே கல்வி உதவித்தொகைக்கும் அதைப் போன்ற படித்தொகைக்கும் விலக்கு அளிக்கிறது. ஆகவே, உங்கள் படிப்புக்காக உங்கள் பெயரில், உங்கள் கணக்கில் வருவது பிரச்சினையில்லை. ஆனால் அதே மின்னஞ்சலில், ‘களப்பணியாளர் இருவருக்குச் சம்பளம், ஒலிப்பதிவைத் தட்டச்சு செய்ய, பஸ் செலவுக்கு’ என்று ஒரு தொகையும் சேர்ந்து வந்தால்? அது உதவித்தொகை அல்ல, திட்ட நிதி. அந்தச் சட்டப்படி பதிவு பெற்ற நிறுவனத்தின் கணக்குக்கு அது போக வேண்டும். கல்லூரிக்குப் பதிவு இல்லை, தெரிந்த தொண்டு நிறுவனம் வாங்கிக் கொடுக்கட்டும் என்றும் சுற்ற முடியாது. 2020 திருத்தம் வாங்கிய நன்கொடையை இன்னொருவருக்கு மாற்றுவதைத் தடை செய்துவிட்டது. ஆகவே இரண்டையும் தனித்தனிக் கடிதமாகக் கேளுங்கள். உதவித்தொகைக் கடிதத்தில் ‘உதவித்தொகை’ என்ற சொல் கண்டிப்பாக இருக்கட்டும்.

இனி, கட்டுரையில் பெயர். மருத்துவ இதழ்கள் பின்பற்றும் விதிப்படி, தரவு திரட்டியவர் என்பதால் மட்டும் யாரும் ஆசிரியர் ஆகிவிட முடியாது. எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு வேண்டும். இறுதி வடிவத்துக்குச் சம்மதம் வேண்டும். பொறுப்பும் ஏற்க வேண்டும். பதிவுகளை அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் கடைசியில் நன்றியுரையில்தான் பெயர் வரும். அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லவில்லை. பெரும்பாலும் உங்களைப் போலவே வேலை நிரந்தரமாகாத இளைஞர்கள்தான். ஆனால் ஒரு கொடிய சம்பவம் மனத்தில் விட்ட பாதிப்பை 22 கேள்விகளில் அளக்கும் ஐஇஎஸ்-ஆர் போன்ற அளவுகோலை வைத்துக்கொண்டு, ‘அந்தச் சம்பவம்’ என்றால் வெள்ளம் என்று அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ‘தண்ணி ஒரு வாரத்துல வடிஞ்சிது, இங்க கொண்டுவந்து போட்டதுதான் ஆறல’ என்று ஒரு பெண் சொல்லியிருந்தால், அதைக் கேட்டு எழுத நீங்கள்தான் வேண்டும். ஆகவே பதிவுகள் இங்கேயே இருக்கட்டும், பகுப்பாய்வை நான் செய்கிறேன், கட்டுரையைச் சேர்ந்து எழுதுவோம் என்று கேளுங்கள். யார் எந்தப் பகுதியை எழுதுவது, பெயர்கள் எந்த வரிசையில் வருவது என்பதை முதல் மாதமே மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்.

கமிட்டி சரி என்ற பிறகு, அந்த 26 பேரிடமும் புதிய படிவத்தோடு நேரில் போங்கள். வாட்ஸ்அப்பில் சம்மதம் கேட்காதீர்கள். நான்கைந்து பேர் மறுத்தால் அவர்களுடைய பதிவை விட்டுவிடுங்கள். ஏன் என்று கேட்க வேண்டாம். பழையதைக் கிளறும்போது யாராவது உடைந்து அழலாம். அன்று படிவத்தை மூடி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். கிளம்பும்போது அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416ஐ ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் மட்டும் போகாதீர்கள்.