சிரித்து முடித்த பிறகு ஏன் உறுத்துகிறது? 'தி ஹேட்டிங் கேம்' கேள்வி பதில்

சாலி தோர்ன் 2016-ல் எழுதிய 'தி ஹேட்டிங் கேம்' நாவலைப் பற்றி வந்த கேள்விகள் இவை. முடிவு வரை பேசியிருக்கிறேன். கதை தெரிந்துவிடுமே என்று பயப்படுபவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: அக்கா, ஒரே ராத்திரியில் படித்து முடித்தேன். முதல் பாதியில் வாய்விட்டுச் சிரித்தேன். காலையில் யோசித்தால், இந்த ஜோஷுவா மாதிரி ஒருத்தன் என் எதிர் சீட்டில் இருந்தால் ஒரு வாரம்கூடத் தாங்க மாட்டேன் என்று தோன்றுகிறது. எனக்குப் புத்தகம் பிடித்திருக்கிறதா, இல்லையா?

பதில்: இரண்டும்தான். இரண்டுக்கும் காரணமும் ஒன்றே.

இரண்டு பதிப்பகங்கள் இணைந்த ஒரு நிறுவனத்தில் இரண்டு தலைவர்கள். அவர்களின் உதவியாளர்கள் லூசியும் ஜோஷுவாவும் எதிரெதிரே உட்கார்ந்து நாள் முழுக்க ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருக்கிறார்கள். கதை முழுவதையும் சொல்வது லூசி. அவளுடைய கம்ப்யூட்டர் பாஸ்வேர்டே 'ஜோஷுவாவை வெறுக்கிறேன்' என்கிற ரகம். அவன் சட்டைகள் வெள்ளையில் தொடங்கிக் கறுப்பில் முடியும் என்று வரிசை மாறாமல் ஒப்பிப்பாள். வெறுக்கிற ஆளின் சட்டை வரிசையை யார் மனப்பாடம் செய்வார்கள்? அவளுக்குத் தெரியாதது நமக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. சிரிப்பு அங்கேதான் வருகிறது.

ஆனால் ஜோஷுவாவின் மனசுக்குள் நாம் போவதே இல்லை. அவன் சிடுசிடுப்பதும் இன்னொருவனோடு அவள் பேசினால் முகம் கறுப்பதும் எல்லாமே காதல்தான் என்று கடைசியில் லூசி முடிவு செய்துவிடுகிறாள். அவள் பார்வையை விட்டால் நமக்கு வேறு சாட்சி இல்லை. புத்தகத்தை மூடியதும் அவள் குரல் நின்றுவிடுகிறது, அவன் செய்தது மட்டும் மிஞ்சுகிறது. உங்கள் காலை நேரத்து உறுத்தல் அதுதான்.

கேள்வி: அவன் டைரியில் பென்சிலால் குறித்து வைக்கும் விஷயம் ரொமான்டிக்கா, பயமா?

பதில்: நாவலில் மிகச் சாமர்த்தியமாகக் கட்டப்பட்ட இடம் அது. தன்மேல் புகார் கொடுக்கக் கணக்கு வைக்கிறான் என்று லூசி நினைக்கிறாள். அவள் கவுன் போட்டு வந்த நாளா, ஸ்கர்ட் போட்டு வந்த நாளா என்பதற்கு ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. சண்டை போட்டதற்கு ஒரு குறி. இன்னொருவரைப் பார்த்து அவள் சிரித்ததற்கு ஒன்று. முத்தமிடத் தோன்றியதற்கு ஒன்று என்று பிறகுதான் தெரிகிறது. நடுவில் வரும் புள்ளிகள் வெறும் மதிய உணவு இடைவேளை. அந்தப் புள்ளி விவரத்துக்கு நான் சிரித்துவிட்டேன், மறைப்பானேன்.

பயமா என்றால், கொஞ்சம் ஆமாம். 'இன்னொருவரைப் பார்த்துச் சிரித்தாள்' என்று தினமும் குறித்து வைக்கிற ஆளை நிஜத்தில் எனக்குப் பிடிக்காது. தோர்ன் லூசியையும் சும்மா விடவில்லை. அந்த டைரியைத் திருட்டுத்தனமாகப் புரட்டுவது அவள்தான். வேவு இரண்டு பக்கமும் நடப்பதால் தராசு ஓரளவு நேராகிறது. முழுக்க அல்ல.

கேள்வி: நான் எச்.ஆரில் வேலை பார்க்கிறவன். லிஃப்டை நடுவில் நிறுத்தி முத்தம் கொடுப்பதைப் படித்ததும் புத்தகத்தை வைத்துவிட்டேன்.

பதில்: உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒருவர்மேல் ஒருவர் எச்.ஆரில் புகார் கொடுப்பதே இவர்களுக்கு ஒரு விளையாட்டு. அந்த வேலையில் இருப்பவருக்குச் சிரிப்பு வராது. ஆனால் அந்த முத்தத்துக்குப் பிறகுதான் கதை சூடு பிடிக்கிறது. தனக்கு ஒரு டேட் இருப்பதாக லூசி பொய் சொல்லியிருக்கிறாள். பொய்யைக் காப்பாற்ற டேனி என்ற சக ஊழியரை அவசரமாகப் பிடித்து இழுக்கிறாள். முடிந்தால் ஐம்பது பக்கம் தாண்டிப் பாருங்கள்.

கேள்வி: ஹீரோ ஆறடிக்கு மேல், ஹீரோயின் குள்ளம். இதை எத்தனை தடவைதான் சொல்வார்?

பதில்: எண்ணிப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

கேள்வி: ஆபீஸ் சூழல் உண்மையாக இருக்கிறதா? எங்கள் கம்பெனியும் இன்னொன்றோடு இணைந்தது. காதலைவிட அதுதான் என்னை இழுத்தது.

பதில்: நல்ல கேள்வி, இதைக் கேட்க ஆள் வராதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இணைந்த இரண்டு பதிப்பகங்களில், காமின் பதிப்பகத்துக்காரர்கள் புத்தகப் பைத்தியங்கள். பெக்ஸ்லிக்காரர்கள் கணக்குப் புலிகள். இணைப்புக்குப் பிறகும் அந்தக் கோடு அழியவில்லை. லூசியின் நெருங்கிய தோழிக்கு வேலை போகிறது. வேலை தப்பிய லூசியோடு அவள் பேச்சையே நிறுத்திவிடுகிறாள். இரண்டு மூன்று இடத்தில் லேசாகத்தான் வருகிறது, ஆனால் ஆட்குறைப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மிச்சமிருப்பவர்களின் தனிமை இப்படித்தான் இருக்கும். எதிரியோடு போடும் சண்டையைத் தவிர அந்த ஆபீஸில் லூசிக்குப் பேச்சுத்துணை கிடையாது. அவள் ஏன் அவனையே கவனித்துக்கொண்டிருக்கிறாள் என்பதற்கு எனக்கு இந்த விளக்கம்தான் மற்ற எல்லாவற்றையும்விடப் பொருத்தமாகப் படுகிறது. ஆசிரியர் இதை இன்னும் தோண்டியிருக்கலாம்.

கேள்வி: ஜோஷுவாவின் அண்ணன் கல்யாணத்துக்குப் போகும் பகுதி இழுவை. எனக்கு மட்டும்தானா?

பதில்: எனக்கும்தான். பெயின்ட்பால் விளையாட்டில் லூசிக்கு வரும் சாயக் குண்டுகளை ஜோஷுவா தன் உடம்பில் வாங்குவதும், அன்று இரவு காய்ச்சலில் கிடப்பவளைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வதும் நன்றாக இருக்கின்றன. அப்புறம் கல்யாணம், மருத்துவப் படிப்பை விட்டுவிட்டான் என்று மகனை மட்டம் தட்டும் அப்பா, அண்ணனையே மணக்கும் பழைய காதலி என்று குடும்பக் கதையாகிவிடுகிறது. அலுவலகம் மறைந்ததும் நகைச்சுவையும் கூடவே போய்விடுகிறது.

கேள்வி: புரமோஷன் போட்டி என்ன ஆனது? ஏமாற்றமாக இருந்தது.

பதில்: என் பெரிய வருத்தமும் இதுதான். ஒரே பதவிக்கு இருவரும் மோதுகிறார்கள். பழைய புத்தகங்களை மின்னூலாக்கும் திட்டம் ஒன்றை லூசி தயார் செய்கிறாள். கடைசியில் ஜோஷுவா வேறொரு பதிப்பகத்தில் வேலை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடுகிறான். பெருந்தன்மைதான், சரி. ஆனால் அவள் அவனை நேருக்கு நேர் ஜெயிப்பதை நாம் பார்க்கவே முடியவில்லை. அத்தனை பக்கம் போட்டி என்று சொல்லிவிட்டு முடிவை அவன் கையில் கொடுத்துவிட்டார்.

கேள்வி: படம் பார்க்கலாமா?

பதில்: 2021-ல் வந்தது, லூசி ஹேல் நடித்தது. அவர் சுறுசுறுப்பாக இருக்கிறார். லூசியின் மனக்குரல் குறைந்துபோனதால் ஜோஷுவா வெறும் கடுகடு ஆளாகத் தெரிகிறார்.

கேள்வி: 'வெறுப்பில் தொடங்கும் ஆபீஸ் காதல்' புதுசா, அரைத்த மாவா?

பதில்: பழைய சரக்குதான். மிக்லோஷ் லாஸ்லோ 1937-ல் புடாபெஸ்ட் கடை ஒன்றைக் களமாக வைத்து ஒரு நாடகம் எழுதினார். கடையில் கடித்துக்கொள்ளும் இரண்டு ஊழியர்கள், தாங்கள்தான் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதுகிறோம் என்று தெரியாமலே காதலிக்கிறார்கள். 1940-ல் 'தி ஷாப் அரவுண்ட் த கார்னர்', 1998-ல் 'யூவ் காட் மெயில்' என்று வந்த படங்கள் எல்லாம் அதன் வாரிசுகள். தோர்ன் கடிதத்தை எடுத்துவிட்டார். எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளையே சரியாகப் படிக்கத் தெரியாதவளாக லூசியை வைத்தார்.

கேள்வி: அடுத்து என்ன படிக்கலாம்? ஹீரோ கொஞ்சம் மனச்சாட்சியோடு இருந்தால் தேவலை.

பதில்: ரெயின்போ ரோவெலின் 'அட்டாச்மென்ட்ஸ்', 2011. 1999-ல் ஒரு செய்தித்தாள் அலுவலகம். ஊழியர்களின் மின்னஞ்சல்களைக் கண்காணிப்பது லிங்கனின் வேலை. இரண்டு தோழிகள் வம்பளப்பதைப் படித்துப் படித்து, அதில் ஒருத்தியை முகம் பார்க்காமலே காதலிக்கிறான். செய்வது தப்பு என்று அவனுக்கே தெரியும். அந்தக் குற்ற உணர்ச்சியை நாவல் மழுப்பவில்லை. ஒரே சிக்கல், இருவரும் உட்கார்ந்து பேசவே கடைசிப் பக்கங்கள் வரை காத்திருக்க வேண்டும். லூசியும் ஜோஷுவாவும் பக்கத்துக்குப் பக்கம் மோதிக்கொண்டதைப் படித்த கையோடு தொடங்கினால் மெதுவாகத்தான் தெரியும்.