விளையாட்டுப் பதிப்பகம் மாதம் ஒரு புத்தகம் வெளியிட வேண்டுமா?

தமிழில் ஒரு ரோல்பிளேயிங் விளையாட்டு, அதாவது ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிக் கதையை நகர்த்தும் விளையாட்டு, எழுதி முடித்திருக்கிறீர்கள். மாதம் ஒரு துணைப் புத்தகம் வெளியிட்டால்தான் பதிப்பகம் நிலைக்குமா என்று கேட்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். ஆண்டுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. பாளையங்கோட்டையில் அச்சகம் நடத்துகிறேன், சனிக்கிழமை இரவுகளில் இதே வகை விளையாட்டை நண்பர்களோடு ஆடுகிறேன்; இரண்டையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

எங்கள் மேசையில் ஐந்து பேர். விதிப் புத்தகம் ஐவரிடமும் இருக்கிறது. ஆடப்போகும் கதை அடங்கிய துணைப் புத்தகமான சாகசப் புத்தகமோ ஆட்டத்தை நடத்துகிறவரிடம் மட்டும்தான். மற்றவர்கள் அதைப் பிரித்துப் பார்த்தால் கதையே கெட்டுவிடும்! எவ்வளவு அருமையாக எழுதினாலும் மேசைக்கு ஒரு பிரதிதான் போகும். அந்த ஒருவருக்கும் ஒரு சாகசத்தை நடத்தி முடிக்க ஐப்பசியிலிருந்து மாசி வரை ஆகிறது. மாதம் ஒன்று வாங்கி என்ன செய்வார்?

இதே வகை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை 1974இல் கொண்டுவந்த டி.எஸ்.ஆர். நிறுவனம் பிற்காலத்தில் இதில்தான் சிக்கியது. ரேவன்லாஃப்ட், டார்க் சன், பிளேன்ஸ்கேப், பர்த்ரைட் என்று கதை உலகங்களைப் பெருக்கிக்கொண்டே போனது. டார்க் சன் ஆடுகிறவருக்குப் பிளேன்ஸ்கேப் புத்தகம் எதற்கு? தலைப்புகள் கூடக் கூட, தலைப்புக்கு உரிய வாசகர்கள் சிதறினார்கள். விற்காத பிரதிகள் விநியோகஸ்தரிடமிருந்து திரும்பின, கடன் கழுத்தை நெரித்தது, 1997இல் நிறுவனம் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் என்ற இன்னொரு விளையாட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. அவற்றில் பல அபாரமான புத்தகங்கள். எனக்கு அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

புதிய உரிமையாளர்கள் 2000இல் மூன்றாம் பதிப்போடு ஒரு திறந்த உரிமம் தந்தார்கள். யார் வேண்டுமானாலும் அந்த விதிகளுக்குச் சாகசம் எழுதி விற்கலாம். அதை ஆட விதிப் புத்தகம் வேண்டும், அதை விற்பவர்கள் இவர்கள். நல்ல கணக்கு. ஆனால் 2003லேயே விதிகளைத் திருத்தி 3.5 என்று வெளியிட்டதும், மற்றவர்கள் அடித்து வைத்திருந்த புத்தகங்கள் பழசாகிவிட்டன. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பிலோ ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்கே புத்தகங்கள். அதே விதிப் புத்தகம் 2024இல் திருத்திய பதிப்பு வரும்வரை விற்றுக்கொண்டிருந்தது.

எங்கள் அச்சகத்திலும் இதைப் பார்க்கிறேன். இலக்கணப் புத்தகம் ஒவ்வொரு ஜூனிலும் மறு அச்சுக்கு வருகிறது. எழுத்துக் கோத்த கூலி, படத்துக்கான செலவு எல்லாம் முதல் அச்சோடு தீர்ந்தது. இனி காகிதமும் மையும் பைண்டிங்கும்தான். பாடத்திட்டம் மாறியதால் தேங்கிய கைடு பண்டல்களோ மழைக்காலத்தில் ஓரம் நமுத்து, பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போகின்றன.

உங்கள் பணத்தையும் உழைப்பையும் விதிப் புத்தகத்தில் போடுங்கள். அது கடையில் ஒரு நாளும் தீர்ந்துபோகக் கூடாது. இடையில் வாசகர்கள் மறந்துவிடுவார்கள் என்று தோன்றினால் எட்டுப் பக்கச் சாகசங்களை பி.டி.எஃப். ஆக இலவசமாகக் கொடுங்கள்; மற்றவர்கள் எழுதி விற்கவும் அனுமதியுங்கள். நான்கு ஆண்டுகளுக்காவது விதிகளில் கை வைக்காதீர்கள்.