கேஸ் ஏற்றச் சொல்கிறார் மெக்கானிக்: காயிலை எப்படிச் சோதிப்பது?

கேள்வி: என் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசியின் வாயில் ஒரு கருவியைக் காட்டிய மெக்கானிக், “18 டிகிரிதான் வருகிறது, காயில் சரியாகக் குளிரவில்லை, கேஸ் ஏற்ற வேண்டும்” என்கிறார். நம்பலாமா?

பதில்: காயில் என்பது ஏசிக்குள் காற்றைக் குளிரவைக்கும் குழாய்ச் சுருள். அதற்குள் போகும் அறைக் காற்றையும் அளந்தாரா? அறை 28 டிகிரியாக இருந்தால் 18 என்பது நல்ல கூலிங். துப்பாக்கி போன்ற கருவி என்றால் அது காற்றை அளக்கவே அளக்காது. வாயிலுள்ள பிளாஸ்டிக் தகட்டின் வெப்பத்தைத்தான் காட்டும்.

ஃபில்டரைக் கழுவி மாட்டுங்கள். ரிமோட்டில் 16 வைத்து, ஃபேனை முழு வேகத்தில் விட்டு, 20 நிமிடம் ஓட விடுங்கள். அப்புறம் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரால் மேலே காற்று நுழையும் இடத்திலும் கீழே வெளியேறும் இடத்திலும் அளங்கள். 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. 15 வந்தால் மகிழ வேண்டாம். காயிலில் அழுக்கு அடைத்துக் காற்று குறைந்தாலும் வித்தியாசம் கூடும்.

புழுக்கமான நாளில் 7 டிகிரி வித்தியாசம்தான் வரலாம். அதற்காகப் பயப்படாதீர்கள். காயிலின் உழைப்பில் ஒரு பங்கு காற்றிலுள்ள ஈரத்தை நீராக்குவதில் போய்விடும். தெர்மாமீட்டரில் அது தெரியாது. வடிகுழாயின் கீழ் வாளி வைத்து ஒரு மணி நேரம் பிடியுங்கள். ஒன்றரை லிட்டர் சேர்ந்தால், அதற்கு மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோவாட் குளிரூட்டும் திறன் செலவாகியிருக்கிறது. உங்கள் ஏசியின் மொத்தக் குளிரூட்டும் திறனே 5 கிலோவாட் சொச்சம்தான். அதனால் ஈரப்பதத்தையும் குறிக்காமல் வித்தியாசத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்பவரை ஏற்காதீர்கள்.

கேஸ் விஷயத்தில் ஏமாறாதீர்கள். ஓட ஓடத் தீர்ந்துபோக அது பெட்ரோல் இல்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைத் தேடாமல் “கொஞ்சம் டாப்-அப்” என்பவர் அடுத்த கோடையிலும் வருவார், அதே பில்லோடு. கசிவை அடைத்து, வேக்கம் எடுத்து (குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி வெளியேற்றி), வெளி யூனிட்டின் லேபிளில் உள்ள எடைக்குத் தராசு வைத்து ஏற்றச் சொல்லுங்கள். தராசு இல்லை என்றால் அனுப்பிவிடுங்கள்.

சர்வீஸ் தாளில் “கூலிங் ஓகே” என்று எழுதிக் கையெழுத்து வாங்கும் வழக்கம் எரிச்சலூட்டுகிறது. இரண்டு வெப்பநிலை, ஈரப்பதம், ஏற்றிய கேஸின் எடை என நான்கு எண்களை எழுத ஒரு நிமிடம் ஆகாது. அவற்றை எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.