ஒரு லட்சம் கேலக்ஸிகளுக்கு ஜோடி எண்ணும் பைதான் நிரல் நாள்கணக்கில் ஓடுகிறது. வேகப்படுத்த ஜிபியு (பல கணக்குகளை ஒரே நேரத்தில் போடும் வரைகலைச் செயலி) வாங்கத்தான் வேண்டுமா?

வேண்டாம். முதலில் நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். கேலக்ஸிகள் ஒவ்வொரு தூரத்திலும் எவ்வளவு கொத்தாக இருக்கின்றன என்று அளக்கும் இரு புள்ளி ஒட்டுறவுச் சார்புக்கு லாண்டி, சலாய் இருவரும் 1993-இல் தந்த சூத்திரத்தைத்தான் பயன்படுத்துகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒரு லட்சம் கேலக்ஸிகளில் சுமார் 500 கோடி ஜோடிகள். ஒப்பிடுவதற்காக அதே இடத்தில் கண்டபடி தூவும் சமவாய்ப்புப் புள்ளிகள் 20 மடங்கு என்றால், அவற்றுக்குள் மட்டும் 2 லட்சம் கோடி ஜோடிகள்! உண்மையான வானத்தைவிடப் பொய்யான வானத்துக்குத்தான் செலவு அதிகம்.

அந்த 20 லட்சம் புள்ளிகளை 20 கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறுக்குள்ளும் மட்டும் எண்ணிக் கூட்டுங்கள். வேலை இருபதில் ஒரு பங்காகிவிடும். துல்லியம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். கேலக்ஸி–சமவாய்ப்பு ஜோடிகளுக்கு மட்டும் முழுத் தொகுப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தரவு, எல்லைகள் சுற்றி இணையும் உருவகப்படுத்தல் பெட்டியிலிருந்து வந்ததென்றால் சமவாய்ப்புப் புள்ளிகளே தேவையில்லை. ஒவ்வொரு தூரக் கட்டத்துக்கும் உரிய கோள ஓட்டின் கன அளவிலிருந்து சமவாய்ப்பு ஜோடிகளின் எண்ணிக்கையை நேரடியாக எழுதிவிடலாம்.

அடுத்தது, தொலைவில் இருப்பவற்றைத் தொடவே கூடாது. பக்கத்துக்கு 1000 மெகாபார்செக் (ஒரு மெகாபார்செக் சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு) உள்ள பெட்டியை, நீங்கள் அளக்கும் அதிகபட்சத் தூரமான 20 மெகாபார்செக் அளவு அறைகளாக வெட்டினால் 1,25,000 அறைகள். ஒரு புள்ளிக்குத் தன் அறையையும் அண்டை அறைகளையும் சேர்த்து 27-ஐப் பார்த்தால் போதும். ஆனால் 150 மெகாபார்செக் வரை போனால் மொத்தமே 216 அறைகள்தான். அதில் 27 என்றால் எட்டு மடங்கு லாபம், அவ்வளவே. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

உள் சுழலில் வர்க்கமூலம் எடுக்காதீர்கள். தூர எல்லைகளை முன்பே வர்க்கப்படுத்தி வைத்து ஒப்பிடுங்கள். எந்தத் தூரக் கட்டத்தில் விழுகிறது என்று தேடும்போது வெளிக் கட்டத்திலிருந்து உள்நோக்கி வாருங்கள். பெரும்பாலான ஜோடிகள் வெளியேதான் இருக்கும்.

இவற்றில் பெரும்பகுதியை மனோதீப் சின்ஹாவும் லேமன் கேரிசனும் எழுதிய கார்ஃபங்க் (Corrfunc) என்ற நிரல் தொகுப்பு ஏற்கெனவே செய்கிறது. சி மொழியில் எழுதப்பட்டது, பைதானிலிருந்தே அழைக்கலாம். ஏவிஎக்ஸ்-512 என்ற கட்டளைத் தொகுதி உள்ள செயலியில் எட்டு இரட்டைத் துல்லிய எண்களை ஒரே கட்டளையில் கையாளும். சொந்தமாக எழுதுவது கற்றுக்கொள்ள நல்லது, ஆய்வேடு முடிக்க அல்ல.

மாறியதும் இரண்டாயிரம் புள்ளிகளில் பழைய நிரலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விடை சரியாக இரு மடங்கு வந்தால் பதற வேண்டாம்: ஒரே தொகுப்புக்குள் எண்ணும்போது கார்ஃபங்க் ஒவ்வொரு ஜோடியையும் இருமுறை எண்ணும்.