தாயில்லாப் பூனைக்குட்டிகள்: பாலுக்கு முதல் சூடு

கேள்வி: திருகோணமலை மீன் சந்தைப் பக்கம் கிடந்த மூன்று பூனைக்குட்டிகளை எடுத்து வந்தேன். இப்போதுதான் கண் திறக்கிறது. வளர்க்க ஆள் கிடைக்கும்வரை வைத்திருக்கலாம் என்று நினைக்கிறேன். பசுப்பால் கொடுத்ததும் வயிற்றோட்டம் பிடித்துவிட்டது. வீட்டில் பெரிய பூனை ஒன்றும் உண்டு. (வாசகி, உப்புவெளி)

பதில்: பசுப்பாலை இன்றே நிறுத்துங்கள். அதில் லக்ரோஸ் என்னும் பால்ச்சீனி அதிகம். குட்டிக்கு வேண்டிய புரதமும் கொழுப்பும் குறைவு. பூனைக்குட்டிக்கென விற்கும் பால்மா வந்து சேரும்வரை, ஓரிரவுக்கு ஆட்டுப்பால் சமாளிக்கும். பாலை மாற்றியும் அரை நாளில் வயிற்றோட்டம் நிற்காவிட்டால் மிருக வைத்தியரிடம் போங்கள்.

கண் திறக்கிறது என்றால் வயது 7 முதல் 14 நாள். இந்த வயதில் தன் உடம்புச் சூட்டைத் தானே காக்கத் தெரியாது. பால் கொடுக்க முன் சுண்டுவிரலை வாய்க்குள் வைத்துப் பாருங்கள். குளிர்ந்திருந்தால் பால் வேண்டாம். குளிர்ந்த வயிறு செமிக்காது. சுடுநீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றி, பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள், சூடு கூடினால் மற்றப் பக்கம் ஊர்ந்துபோகட்டும். மார்கழி மழை இரவில் இது கட்டாயம். கச்சான் வீசும் மத்தியானத்தில் போத்தலே தேவைப்படாது.

அளவு: 100 கிராம் எடைக்கு ஒரு நாளில் சுமார் 20 மில்லிலீற்றர். 200 கிராம் குட்டிக்கு 40. நான்கு மணிக்கொரு தரம் 6 அல்லது 7 மில்லிலீற்றர். குட்டி குப்புறக் கிடந்தே குடிக்கவேண்டும். கைக்குழந்தை போல மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குள் போகும். குடித்ததும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் பின்புறத்தை மெல்லத் தடவினால்தான் சிறுநீரும் மலமும் வரும். மூன்று வாரம்வரை இது தாயின் வேலை, இப்போது உங்களுடையது.

ஒரு சமையலறை டிஜிற்றல் தராசு வாங்குங்கள். மருந்துப் பெட்டியைவிட அது முக்கியம். தினமும் ஒரே நேரத்தில் நிறுங்கள்: நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏறவேண்டும். ஒரு நாள் ஏறாவிட்டால் ஒரு வேளைப் பால் கூட்டிக் கொடுங்கள். இறங்கினால் காத்திருக்கவேண்டாம், வைத்தியம்தான். குட்டி சோர்ந்து விழுமுன்னே தராசு சொல்லிவிடும்.

தெள்ளு இருந்தால் நெருக்கமான சீப்பால் வாரி எடுங்கள். பேர்மெத்ரின் என்ற பூச்சிகொல்லி கலந்த நாய்த் தெள்ளு மருந்து பூனையைக் கொல்லும்.

பெரிய பூனையை 14 நாள் வேறு அறையில் வையுங்கள். பான்லூக்கோபீனியா என்ற கொடிய பூனை நோயின் வைரசு உடுப்பிலும் பாத்திரத்திலும் ஒட்டி வரும், மாதக்கணக்கில் சாகாது. கழுவிய பாத்திரத்தை, ஒரு லீற்றர் நீருக்கு 30 மில்லிலீற்றர் குளோரின் பிளீச் கலந்து, அதில் 10 நிமிடம் ஊறவிடுங்கள்.

நான்கு வாரத்தில் தட்டில் கொடுக்கலாம். நம் ஊரில் சூடை மீன் மலிவு என்பதால் மீனோடேயே நிறுத்திவிடுவார்கள். முள்ளெடுத்த மீன் மட்டும் தின்றால் கல்சியம் குறைந்து எலும்பு வளையும். பச்சைச் சூடையிலுள்ள நொதியம் விற்றமின் பி1ஐ அழிக்கும். அவித்து, முள்ளெடுத்து, குட்டி உணவோடு சிறிதளவு சேருங்கள்.

எட்டு வாரமும் ஏறக்குறைய 900 கிராமும் ஆகுமுன் யாருக்கும் கொடுக்கவேண்டாம், எவ்வளவு கெஞ்சினாலும். பூச்சி மருந்தும் முதல் தடுப்பூசியும் முடிந்திருக்கட்டும். விசர்நாய்க்கடி ஊசி 12 வாரத்தில். இடையில் குட்டி உங்களைக் கடித்தாலோ பிறாண்டினாலோ 15 நிமிடம் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பெட்டைக்குட்டி எடுப்பவரிடம் கருத்தடைத் திகதியையும் பேசிவிடுங்கள்: நான்கு மாதத்திலேயே சினைப்பிடிக்கலாம்.