இடியாப்ப உரலும் இல்லை, குத்துவாளும் இல்லை

ராயக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு வாசகர் இரண்டு படங்கள் அனுப்பியிருக்கிறார். பாட்டி வீட்டைப் பிரித்தபோது பரணில் கிடைத்தவையாம். ஒன்று, ஒரே கட்டையில் குடைந்த மரக் கிண்ணம். அடியில் ஆறு ஓட்டை. இன்னொன்று, ஒரு சாணுக்குச் சற்று நீளமான இரும்பு. நுனி கூர், நீளவாக்கில் பள்ளம். “கிண்ணம் இடியாப்பம் பிழிவது என்கிறார் அம்மா. இரும்பு திப்பு காலத்துக் குத்துவாள் என்கிறார் சித்தப்பா. எது சரி? விற்றால் விலை போகுமா?”

இரண்டுமே இல்லை. சித்தப்பாவையும் குறை சொல்ல முடியாது. 1791-இல் ஆங்கிலேயர் பிடித்த கோட்டை இருக்கிற ஊர். துருப்பிடித்த இரும்பு எது கிடைத்தாலும் அங்கே திப்பு கணக்கில்தான் எழுதுவார்கள்.

பழைய சாமான் கையில் வந்தால் நான் உருவத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தேய்மானத்தைப் பார்ப்பேன். ஓட்டை இருந்தால் இன்னும் நல்லது. அதன் வழியாக ஏதோ போயிருக்கிறது. எது போனது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கிண்ணத்தின் ஓட்டைக்குள் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். நேராக இறங்காமல் வெளிப்பக்கம் சாய்ந்து போகும். இடியாப்பத்துக்கு எதற்குச் சாய்வு? ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு மூங்கில் குழாய் செருகியிருந்தது. குழாயின் மறுமுனை, மண்ணைக் கீறும் முனையான கொழுவுக்குப் பின்னால் நிலத்தில் இறங்கும். இது மாடு பூட்டி விதைக்கிற கருவியின் விதைக் கிண்ணம். உங்கள் பக்கத்துத் தெலுங்கு வீடுகளில் கொர்ரு என்பார்கள், கன்னட வீடுகளில் கூரிகை. ஆறு ஓட்டை என்றால் ஒரே ஓட்டத்தில் ஆறு சால்.

கேழ்வரகு ஆயிரம் மணி சேர்ந்தால்தான் 3 கிராம் அளவுக்கு வரும். அதை அப்படியே போட்டால் கொத்தாக விழுந்துவிடும் என்று மணலோ சலித்த எருவோ கலந்துகொள்வார்கள். பின்னால் நடக்கிறவர் கிண்ணத்தின் விளிம்பில் கையை ஊன்றி, பிடியிலிருந்து சீராக விட்டுக்கொண்டே போக வேண்டும். படத்தில் ஒரு பக்க விளிம்பு மட்டும் வழவழவென்று தாழ்ந்திருக்கிறது பாருங்கள், அது அந்தக் கை தேய்த்த இடம். சந்தேகம் இருந்தால் ஒரு பிடி கேழ்வரகைக் கொட்டிப் பாருங்கள். ஆறு பக்கமும் பிரிந்து ஓடும்.

அப்புறம் அந்த இரும்பு. பள்ளம் வாளிலும் உண்டுதான். ஆனால் இதன் ஓரங்கள் தீட்டப்படவில்லை, பிடி உள்ளே குழாயாக இருக்கிறது. வாளுக்குப் பிடி ஓட்டையாக இருந்து என்ன பயன்? இது மண்டியில் மூட்டையைப் பரிசோதிக்கும் குத்தூசி. பள்ளம் கீழே பார்க்கச் செருகி, உள்ளே போனதும் அரைச்சுற்றுத் திருப்பி, பிடியைத் தாழ்த்தினால் தானியம் உள்ளங்கையில் வந்து விழும். உருவிய பிறகு நுனியால் சாக்கை இரண்டு தடவை தேய்த்தால் சணல் இழை நகர்ந்து ஓட்டை மூடிக்கொள்ளும். தெரிந்த வியாபாரி இதை மறக்கமாட்டார்.

விலை? குத்தூசிக்குப் பெரிதாகக் கிடைக்காது. கிண்ணத்தை விற்காதீர்கள் என்பது என் கட்சி. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் ஒரு முறை காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். அதுவரை உப்புத்தாள், புளி, வார்னிஷ் எதுவும் வேண்டாம். காய்ந்த பல்துலக்கும் பிரஷ் போதும். ஓட்டை மூலையில் ஒட்டியிருக்கும் பழைய மணிகளைச் சுரண்டி எறியாதீர்கள், அவைதான் சாட்சி.

வீடு பிரித்த மரங்கள் இன்னும் அங்கேயே கிடந்தால் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். வரிசையாகத் துளை போட்ட கனமான சட்டம் ஒன்று இருக்கலாம். கொழுக்கள் அதில்தான் நின்றிருக்கும். மூங்கில் குழாய்கள் அநேகமாக எப்போதோ அடுப்புக்குப் போயிருக்கும்.