காருக்குச் சப்வூஃபர்: வாட்டைப் பார்க்கும் முன் ஓமைப் பாருங்கள்

கேள்வி: என்னுடையது டிக்கி தனியாக உள்ள செடான் கார். கூடவே வந்த ஸ்டீரியோவை மாற்றும் எண்ணம் இல்லை. அண்ணன் தன் பழைய காரிலிருந்து கழற்றிய மோனோ ஆம்ப்ளிஃபயர் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அதன் மேல் 1,000 வாட் என்று எழுதியிருக்கிறது. கையேட்டிலோ 4 ஓமில் 300 வாட், 2 ஓமில் 500 வாட் ஆர்.எம்.எஸ். என்று இருக்கிறது. இதனுடன் சேர்க்க 12 அங்குலச் சப்வூஃபர் (தாழ்ந்த பாஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். அதன் அட்டைப்பெட்டியில் 1,200 வாட் என்றும், உள்ளே உள்ள தாளில் 300 வாட் ஆர்.எம்.எஸ்., இரட்டைக் காயில் என்றும் உள்ளது; 2 ஓம், 4 ஓம் என்று இரு வகைகளில் கிடைக்கிறது. எதை வாங்குவது? ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கரைவிடச் சிறியதாக இருந்தால் ஸ்பீக்கர் எரியாது என்பது உண்மையா? ஹெட்லைட் மங்காமல் இருக்கக் கெப்பாசிட்டர் அவசியமா? எந்த மாதிரிப் பெட்டி வைக்கலாம்?

பதில்: முதலில் அந்த 1,000 வாட்டையும் 1,200 வாட்டையும் மறந்துவிடுங்கள். அவை ஒரு கணம் எட்டக்கூடிய உச்ச அளவுகள். எந்த நிலையில் அளந்தார்கள் என்பதற்கு அட்டைப்பெட்டியில் விளக்கம் இருப்பதில்லை. தொடர்ந்து தரக்கூடிய, தொடர்ந்து தாங்கக்கூடிய திறனைக் குறிப்பது ஆர்.எம்.எஸ். என்ற எண்தான். ஆம்ப்ளிஃபயர்களில் சி.இ.ஏ. 2006 என்ற தரக்குறிப்பு இருந்தால் அந்த எண்ணை இன்னும் கூடுதலாக நம்பலாம். 14.4 வோல்ட் மின்னழுத்தத்தில், 4 ஓம் சுமையில், 1 சதவீதத்துக்கு மேற்படாத ஒலிச்சிதைவோடு அளக்க வேண்டும் என்பது அந்தத் தரத்தின் நிபந்தனை.

அடுத்ததாக, இந்த ஜோடி பொருந்துமா என்பதை முடிவுசெய்யும் ஓம் கணக்கு. ஓம் என்பது மின்தடையின் அலகு. இரட்டைக் காயில் என்றால் ஒரே கூம்பின் பின்னால் தனித்தனியான இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கின்றன என்று பொருள். அவற்றை வரிசையாக, அதாவது சீரியஸில் இணைத்தால் ஓம்கள் கூடும். பக்கவாட்டில், அதாவது பேரலலில் இணைத்தால் பாதியாகும். இரட்டை 4 ஓம் வகையை வாங்கினால் உங்களுக்குக் கிடைப்பவை 8 ஓம் அல்லது 2 ஓம் மட்டுமே. நேரடியாக 4 ஓம் கிடைக்கவே கிடைக்காது. 8 ஓமில் உங்கள் ஆம்ப்ளிஃபயர் ஏறக்குறைய 150 வாட்தான் தரும். 2 ஓமில் 500 வாட் தரும், ஆனால் ஸ்பீக்கர் தாங்குவதோ 300. இரட்டை 2 ஓம் வகையை வாங்கிச் சீரியஸில் இணைத்தால் சரியாக 4 ஓம் வரும். அங்கே ஆம்ப்ளிஃபயர் தருவதும் 300, ஸ்பீக்கர் தாங்குவதும் 300. ஆகவே இரட்டை 2 ஓம் வகையையே வாங்குங்கள். உயர்ந்த ஓமில் ஆம்ப்ளிஃபயர் குறைவாகச் சூடாகும், பேட்டரியிலிருந்து இழுக்கும் மின்னோட்டமும் குறையும் என்பதால் இதில் வேறு ஆதாயங்களும் உண்டு.

ஆனால் இதே ஸ்பீக்கரைத் தவறுதலாகப் பேரலலில் இணைத்துவிட்டால் 1 ஓம் ஆகிவிடும். கையேட்டில் 2 ஓமுக்குக் கீழே எந்த எண்ணும் தரப்படவில்லை என்றால், அந்த ஆம்ப்ளிஃபயர் 1 ஓமைத் தாங்காது என்றே கொள்ள வேண்டும். பாதுகாப்பு விளக்கு எரிந்து நின்றுபோனால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்கள் போய்விடும். எனவே காயில்களை இணைத்த பிறகு, ஆம்ப்ளிஃபயரில் செருகும் முன், மல்டிமீட்டரை ஓம் அளவையில் வைத்து இரு முனைகளையும் தொட்டுப் பாருங்கள். 4 ஓம் இணைப்பு மீட்டரில் சற்றுக் குறைவாக, மூன்றரை ஓம் அளவில் காட்டும், அது இயல்பானது. ஒன்றுக்கும் கீழே காட்டினால் இணைப்பு மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

சிறிய ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கரைக் காப்பாற்றும் என்பது பரவலான நம்பிக்கை. அதனால் எரிந்த ஸ்பீக்கர்கள் ஏராளம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஆம்ப்ளிஃபயர் தன் எல்லையைத் தாண்டி உந்தப்படும்போது, வளைந்து ஏறி இறங்க வேண்டிய அலையின் முகடு வெட்டுப்பட்டுத் தட்டையாகிறது. இதைத்தான் கிளிப்பிங் என்கிறோம். முழுவதுமாகத் தட்டையாகிச் சதுர வடிவம் பெற்ற அலை, அதே உயரமுள்ள சீரான அலையைப் போல இருமடங்குத் திறனைக் காயிலுக்குள் செலுத்தும். ஆக, 200 வாட் ஆம்ப்ளிஃபயரைப் போதவில்லை என்று திருகிக்கொண்டே போகிறவர் 300 வாட் ஸ்பீக்கருக்கு 400 வாட்டை நெருங்கும் வெப்பத்தைத் தந்துவிட முடியும். மறுபுறம், 500 வாட் ஆம்ப்ளிஃபயரை நிதானமாகச் சரிசெய்து அதே ஸ்பீக்கரைப் பல ஆண்டுகள் நலமாக ஓட்டவும் முடியும். ஸ்பீக்கரின் ஆயுள் கெயின் திருகியைக் கையாளும் விதத்தைப் பொறுத்தது. கெயின் என்பது ஒலியளவுத் திருகி அல்ல; ஸ்டீரியோ அனுப்பும் சிக்னலின் அளவுக்கு ஆம்ப்ளிஃபயரின் உள்வாங்கலைப் பொருத்துவதற்கான ஏற்பாடு அது.

அதைச் சரிசெய்யும் முறை இது. எஞ்சினை ஓடவிட்டு, ஸ்பீக்கர் வயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றி வையுங்கள். பாஸ் பூஸ்ட், ஈக்வலைசர் எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வையுங்கள். கெயினை முழுவதும் குறைத்துவிட்டு, 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலி ஒன்றை ஸ்டீரியோவில் முக்கால் ஒலியளவில் ஓடவிடுங்கள். மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளைத் தொட்டபடி கெயினை மெல்ல ஏற்றுங்கள். எங்கே நிறுத்துவது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 300 வாட், 4 ஓம் என்றால் 1,200. அதன் வர்க்கமூலம் 34.6 வோல்ட். அது ஆம்ப்ளிஃபயரின் விளிம்பு என்பதால் நான் 32 வோல்ட்டிலேயே நிறுத்திவிடுவேன். 32 வோல்ட் என்பது 256 வாட்; 300-க்கும் அதற்கும் ஒலியில் உள்ள வித்தியாசம் 1 டெசிபலுக்கும் குறைவு, காதுக்கு அது தெரியாது. பிறகு ஸ்டீரியோவை அந்த முக்கால் அளவுக்கு மேல் ஏற்றாமல் இருப்பது உங்கள் பொறுப்பு. ஏற்கெனவே இரட்டை 4 ஓம் வகையை வாங்கி முடித்துவிட்டீர்கள் என்றாலும் கவலை வேண்டாம். அதைப் பேரலலில் 2 ஓமாக இணைத்து, கெயினை 24.5 வோல்ட்டில் நிறுத்தினால் அதே 300 வாட் கிடைக்கும்.

பெட்டியைப் பற்றி நீங்கள் கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள். நான் அதைத்தான் முதலில் யோசிப்பேன், ஏனென்றால் ஒலியின் தன்மையை ஆம்ப்ளிஃபயரைவிடப் பெட்டியே அதிகம் மாற்றுகிறது. எந்த ஸ்பீக்கர் எந்தப் பெட்டியில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை எண்களால் முன்கூட்டியே சொல்ல வழிவகுத்தவர்கள் ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய நெவில் தீலும் ரிச்சர்ட் ஸ்மாலும். தீலின் கட்டுரை 1961-லும் ஸ்மாலின் ஆய்வுகள் 1970-களின் தொடக்கத்திலும் வந்தன. ஸ்பீக்கருடன் வரும் தாளில் உள்ள எஃப்.எஸ்., கியூ.இ.எஸ்., கியூ.டி.எஸ். போன்ற எண்கள் அவர்கள் வகுத்த முறையைச் சேர்ந்தவை. எஃப்.எஸ். எண்ணைக் கியூ.இ.எஸ். எண்ணால் வகுத்துப் பாருங்கள். விடை 50-க்கு அருகிலோ அதற்குக் கீழோ இருந்தால் மூடிய பெட்டிக்கும், 100-ஐ நெருங்கினால் துளையுள்ள பெட்டிக்கும் அந்த ஸ்பீக்கர் ஏற்றது என்பது ஒரு தோராய விதி.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது மூடிய பெட்டி. துளையுள்ள பெட்டி அதே வாட்டில் கூடுதல் சத்தம் தரும் என்பது உண்மைதான். ஆனால் அது இடத்தை அதிகம் கேட்கும். அது எந்த அதிர்வெண்ணுக்கு அமைக்கப்பட்டதோ அதற்குக் கீழே கூம்பைப் பிடித்து நிறுத்தக் காற்றின் அழுத்தம் இருக்காது என்பதால், சப்சோனிக் ஃபில்டர் (மிகத் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் வடிகட்டி) இல்லாத ஆம்ப்ளிஃபயரோடு சேரும்போது கூம்பு வரம்பு மீறி ஆடிச் சேதமடையலாம். மூடிய பெட்டியில் ஒலி ஒவ்வோர் ஆக்டேவுக்கும் (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 12 டெசிபல் வீதம் மெதுவாகவே இறங்கும்; துளையுள்ளதில் 24 டெசிபல். காரின் சிறிய உள்வெளி மிகத் தாழ்ந்த அதிர்வெண்களை இயல்பாகவே தூக்கிக் கொடுப்பதால், மூடிய பெட்டியின் அந்த மெதுவான இறக்கத்தைப் பெருமளவு அதுவே ஈடுசெய்துவிடுகிறது.

பெட்டியின் கொள்ளளவுக்கு ஸ்பீக்கர் தயாரிப்பாளரின் தாளையே பின்பற்றுங்கள். தாளில் 30 லிட்டர் என்று போட்டிருந்தால், அது உள்ளளவு, அதுவும் ஸ்பீக்கரின் உடல் அடைக்கும் இடம் போக மிஞ்சும் அளவு. 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பலகையில் வெளிப்புறம் 40, 36, 32 சென்டிமீட்டர் கொண்ட பெட்டியை எடுத்துக்கொள்வோம். வெளியே அளந்தால் 46 லிட்டர். ஒவ்வொரு பக்கமும் பலகையின் தடிமனைக் கழித்தால் உள்ளே 33.5 லிட்டர்தான். காந்தமும் சட்டகமும் சுமார் 3 லிட்டரை எடுத்துக்கொண்டால் மீதி 30. இந்தக் கழித்தலைச் செய்யாமல் வெளியளவை வைத்துப் பெட்டி அடித்துவிட்டுப் பிறகு ஸ்பீக்கரைக் குறை சொல்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். மூட்டுகளில் காற்று கசியாதபடி பசையிடுங்கள். கார் திடீரென்று நின்றால் பெட்டி முன்னோக்கிப் பாயும் என்பதால், அதை டிக்கியின் தளத்தோடு போல்ட்டோ பட்டையோ போட்டுக் கட்டாயம் பிணைத்து வையுங்கள்.

மின்சாரத்துக்கு வருவோம். டி வகுப்பு (கிளாஸ் டி, குறைவாகவே வெப்பமாக வீணாக்கும் வகை) ஆம்ப்ளிஃபயர் என்றால் வாங்கும் திறனில் ஏறக்குறைய 80 சதவீதத்தை ஸ்பீக்கருக்குத் தரும் என்று வைத்துக் கணக்கிடலாம். 300 வாட் வெளியே வர 375 வாட் உள்ளே போக வேண்டும். எஞ்சின் ஓடும்போதுள்ள 13.8 வோல்ட்டில் அது 27 ஆம்பியர். 2 ஓமில் முழு 500 வாட்டும் எடுத்தால் 45 ஆம்பியர். இசையின் சராசரி இதைவிடக் குறைவுதான். ஆனால் வயரை உச்சத்துக்குத் தக்கதாகவே தேர்வு செய்ய வேண்டும். 5 மீட்டர் நீளத்தில் 45 ஆம்பியர் ஓடினால், 8 கேஜ் (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமனாகும்) தூய செப்பு வயரில் ஏறக்குறைய அரை வோல்ட் வீணாகும்; 4 கேஜில், அதாவது 21 சதுர மில்லிமீட்டரில், 0.2 வோல்ட்டுக்கும் குறைவு. 4 கேஜ் வாங்குங்கள். வாங்கும்போது வயரின் முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். செப்பு நிறத்துக்கு உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது செப்பு பூசிய அலுமினியம், அதன் மின்தடை தூய செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

முதன்மை ஃபியூஸ் பேட்டரிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில், எப்படியும் அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஒருமுறை என்னிடம் வந்த ஒரு காரில் அந்த ஃபியூஸ் டிக்கியில், ஆம்ப்ளிஃபயரை ஒட்டி இருந்தது. எஞ்சின் பகுதிக்கும் உட்பகுதிக்கும் இடையிலுள்ள இரும்புத் தகட்டின் துளை வழியே, ரப்பர் வளையம் போடாமல் வயரை இழுத்திருந்தார்கள். சிவப்பு உறையில் நகக்கண் அளவுக்கு ஒரு வெட்டு. அதற்குள் செம்பு பளபளத்தது. இன்னும் ஒரு மில்லிமீட்டர் உரசியிருந்தால் பேட்டரியின் முழுச் சக்தியும் தகட்டில் பாய்ந்திருக்கும். டிக்கியில் இருந்த ஃபியூஸுக்கு அது தெரிந்தே இருக்காது, ஏனென்றால் அந்த மின்னோட்டம் அதன் வழியே போகாது. ஃபியூஸ் ஆம்ப்ளிஃபயருக்காக அல்ல, வயருக்காகப் போடப்படுவது. ஆம்ப்ளிஃபயரிலுள்ள ஃபியூஸ்களின் கூட்டுத்தொகை 50 ஆம்பியர் என்றால், 4 கேஜ் வயருக்கு 60 ஆம்பியர் பொருத்தமானது. வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிடுங்கள்.

கெப்பாசிட்டர் உங்களுக்குத் தேவையில்லை. அது மின்சாரத்தை உண்டாக்குவதில்லை, சிறிது தேக்கி வைக்கிறது, அவ்வளவுதான். 1 ஃபாரட் கெப்பாசிட்டர் 14 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு இறங்கும்போது தரக்கூடியது 26 ஜூல்; 600 வாட் இழுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு அது ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரம்கூட வராது. விளக்கு மங்குகிறது என்றால் பெரும்பாலும் எர்த் இணைப்பையோ பழைய பேட்டரியையோ சந்தேகிக்க வேண்டும். எர்த் வயர் பாஸிட்டிவ் வயரின் அதே கேஜில், அரை மீட்டருக்குள், பெயின்ட்டை வெள்ளித் தகடு தெரியும்வரை சுரண்டிவிட்டு, உடற்சட்டகத்தில் போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். சீட் பெல்ட்டின் போல்ட்டை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

உங்கள் ஸ்டீரியோவில் ஆர்.சி.ஏ. வெளியீடு (ஆம்ப்ளிஃபயருக்குச் சிக்னல் அனுப்பும் செருகிடம்) இல்லையென்றால், ஆம்ப்ளிஃபயரில் ஸ்பீக்கர் அளவு உள்ளீடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பின்கதவு ஸ்பீக்கர்களின் வயரிலிருந்து சிக்னலை எடுத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் ஸ்பீக்கர் சிக்னலை ஆர்.சி.ஏ. அளவுக்குக் குறைத்துத் தரும் லைன் அவுட்புட் கன்வர்ட்டர் ஒன்று தேவைப்படும். சிக்னல் வயரைக் காரின் ஒரு பக்கமாகவும் பேட்டரி வயரை மறுபக்கமாகவும் கொண்டுபோனால் எஞ்சினோடு சேர்ந்து ஏறி இறங்கும் கீச்சொலி பெரும்பாலும் வராது. தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் லோ பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வைத்துத் தொடங்குங்கள். பாஸ் டிக்கியிலிருந்து வருவது தனியாகத் தெரிந்தால் இன்னும் சற்றுக் குறையுங்கள். ஃபேஸ் சுவிட்சை இரு நிலைகளிலும் மாற்றி, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து கேட்டு, எதில் பாஸ் கனமாக ஒலிக்கிறதோ அதிலேயே விட்டுவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் அரை மணி நேரம் நல்ல ஒலியளவில் ஓடவிட்டு, பிறகு நிறுத்தி, ஃபியூஸ் பிடிப்பான், எர்த் போல்ட், ஆம்ப்ளிஃபயரின் மின்முனைகள் ஆகிய இடங்களை விரலால் தொட்டுப் பாருங்கள். வயரைவிட ஏதாவது ஓர் இணைப்பு மட்டும் சுடுகிறது என்றால், அது தளர்ந்திருக்கிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தை மறுபடி இறுக்குங்கள்.